பழைய காருக்கு மலிவு விலை பவர் சிப் போடலாமா? காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

போன சித்திரையில் பாலக்கோட்டு மாமா என் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு வியர்வையோடு உள்ளே வந்தார். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி கத்துகிறதே தவிர நகரவில்லையாம். "மாப்ள, பின்னாடி வந்த லாரிக்காரன் ஹாரன் அடிச்சே கொன்னுட்டான். ஆறாயிரம் ரூபா குடுத்து பவர் பாக்ஸ் போட்டும் இப்படியா?" என்றார். பானெட்டைத் திறந்து பார்த்தால், கறுப்புப் பெட்டி ஒன்று இரண்டு கேபிள் டையில் தொங்கிக்கொண்டிருந்தது. பின் பம்பரில் சைலன்சர் பக்கம் முழுக்க அடுப்புக் கரி அப்பியது போல இருந்தது.

நான் கார் மெக்கானிக் இல்லை. தருமபுரியில் இருபது வருஷமாக யுபிஎஸ், இன்வெர்ட்டர் போர்டு ரிப்பேர் பார்க்கிறவன். அதனால் இந்த மாதிரிப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், அது எந்த வேலையைச் செய்யும், எதைச் செய்யவே முடியாது என்று எனக்குத் தெரிந்துவிடும். மாமா வண்டிக்கு முன்பே என் 2011 வேகன்ஆரில் ஒரு சிப்பை வாங்கிச் செருகிச் சோதித்தும் பார்த்திருக்கிறேன். பத்து, பதினைந்து வருஷ வண்டி வைத்திருக்கும் பலர் இந்தக் கேள்வியோடு கடைக்கு வருவதால், ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் முடிவு இதுதான். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் சிப் எதுவும் இழுவையைக் கூட்டாது. ஐந்தாறாயிரம் ரூபாய் டீசல் பெட்டி கூட்டும், ஆனால் பழைய இன்ஜினிடம் அதற்கு விலை வாங்கிவிடும். பழைய வண்டியில் இழுவை குறைந்திருந்தால் அது எங்கேயோ போயிருக்கிறது. போன இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

முதல் படி: உங்கள் வண்டியில் இசியூ இருக்கிறதா?

சிப் என்று விற்கப்படும் எதுவும், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூவோடு பேச வேண்டும், அல்லது அதற்குப் போகும் தகவலை மாற்ற வேண்டும். இசியூவே இல்லாத வண்டிக்கு சிப் போடுவது கரன்ட் இல்லாத வீட்டுக்கு ஸ்டெபிலைசர் வாங்குவது மாதிரி.

கார்புரேட்டர் வண்டிகளான அம்பாசடர், பத்மினி, பழைய மாருதி 800 எல்லாம் இந்த வகை. பழைய டீசல் வண்டிகளும் அப்படித்தான். குவாலிஸ், ஆரம்பகால இண்டிகா, பழைய சுமோ, பழைய பொலிரோ ஆகியவற்றில் டீசலை அளந்து அனுப்புவது இயந்திரப் பம்ப். அதில் கூட்டிக் குறைக்க ஸ்க்ரூ இருக்கும், சிப் பேச ஆள் இருக்காது. நம் பக்கம் இன்னும் குவாலிஸ் நிறைய ஓடுகிறது. அதற்கும் சிப் உண்டு என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டி, எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டி என்றால் இசியூ உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில் பதினாறு பின் கொண்ட ஓபிடி சாக்கெட், அதாவது ஸ்கேனர் செருகிக் கோளாறைப் படிக்கும் சாக்கெட், இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இந்தியாவில் பிஎஸ் 4 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு ஓபிடி 2010 ஏப்ரலில் முதல் கட்டமாகவும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளில் சாக்கெட் இருந்தாலும் பல கம்பெனிகள் தங்கள் சொந்த முறையில்தான் பேசின. பொதுவான சிப்பால் அங்கே எதையும் படிக்கவும் முடியாது.

இரண்டாம் படி: விற்பவர் காட்டுவது எந்த வகை?

எல்லாவற்றுக்கும் பெயர் சிப்தான். உள்ளே இருப்பது வேறு வேறு.

ஓபிடி சாக்கெட்டில் செருகும், லைட் மினுக்கும் பிளக்தான் அதிகம் விற்பது. என்னுடையது ஆன்லைனில் 650 ரூபாய்க்கு வந்தது. செருகும் முன் கடை மேஜையில் வைத்து நெம்பித் திறந்தேன். உள்ளே தீப்பெட்டியை விடச் சின்ன போர்டு. ஐந்து வோல்ட் ரெகுலேட்டர் ஒன்று, எட்டுக் கால் கன்ட்ரோலர் ஒன்று, எல்இடி மூன்று, ஒரு பட்டன். பதினாறு பின்களில் பேட்டரி பிளஸ் வரும் 16-ம் எர்த் வரும் 4-ம் மட்டும்தான் போர்டில் சால்டர் ஆகியிருந்தன. இசியூவோடு பேசும் கேன் லைன் வருவது 6, 14 ஆகிய பின்களில். பழைய கே-லைன் வருவது 7-ல். இந்த மூன்றுக்கும் போர்டில் தடமே போகவில்லை. கேன் லைனில் பேச டிரான்ஸீவர் என்று தனியாக ஒரு ஐசி வேண்டும், அதுவும் இல்லை. மொத்தத்தில் அது 12 வோல்ட்டில் எரியும் மூன்று பல்பு, அவ்வளவுதான். எல்லா கம்பெனி சிப்பும் இதே போர்டு என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் 6, 14 பின்கள் போர்டு வரை வரும். ஆனால் இசியூவில் இருக்கும் டீசல், இக்னிஷன் அட்டவணையைத் திருத்த வேண்டும் என்றால் ஒவ்வொரு மாடலுக்கும் அதன் கோப்பும் திறவுகோலும் வேண்டும். எல்லா காருக்கும் ஒரே பிளக் என்று அட்டையில் போட்டிருந்தால் அது எந்த காருக்கும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. 16-ம் பின்னில் சாவியை எடுத்த பிறகும் கரன்ட் இருக்கும். என் மீட்டரில் அந்த சிப் 20 மில்லி ஆம்பியர் இழுத்தது. ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் மணி நேரம், மாதத்துக்கு ஏறத்தாழ 14. சின்ன காரின் பேட்டரி மொத்தமே 35. வெளியூர் போய் ஒரு மாதம் கழித்து வந்தால், ஏற்கெனவே சோர்ந்த பேட்டரியில் செல்ஃப் எடுக்காது.

அடுத்தது ரெசிஸ்டர் வகை. காற்று உள்ளே போகும் குழாயில் இருக்கும் வெப்ப சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சுருங்கு டியூப் போர்த்திய ஒரு சின்னத் துண்டைச் செருகச் சொல்வார்கள். நானூறு ரூபாய்க்கு விற்கும் அந்தத் துண்டுக்குள் இருப்பது, எங்கள் கடைகளில் இரண்டு ரூபாய்கூட ஆகாத ரெசிஸ்டர். அந்த சென்சார் குளிர்ந்தால் ரெசிஸ்டன்ஸ் ஏறும், சுட்டால் இறங்கும். பல வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டிலிருந்து மூன்று கிலோ ஓம் இருக்கும். அங்கே 4.7 கிலோ ஓம் வைத்தால், இசியூ வெளியே ஐந்து டிகிரி குளிர் என்று நம்பிவிடும். தருமபுரி சித்திரை வெயிலில் 38 டிகிரி காற்று போய்க்கொண்டிருக்கும்போது இசியூவுக்கு மட்டும் மார்கழிப் பனி. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால் கூடுதல் பெட்ரோல் வேண்டும் என்று கணக்குப் போட்டு பத்து சதவீதத்துக்கு மேல் சேர்த்து ஊற்றும்.

சாதாரணமாக ஓட்டும்போது சைலன்சரில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்துவிடும். பெட்ரோல் அதிகம் என்று சொல்லி இசியூவைக் குறைக்க வைக்கும். ஆக லாபம் பூஜ்யம். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போதுதான் பிரச்சினை, அப்போது ஆக்ஸிஜன் சென்சார் பேச்சை இசியூ கேட்காது. பெட்ரோல் வழியும், ஸ்பார்க் பிளக் கறுக்கும், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைச் சுட்டுவிடும். இன்னொன்று இதைவிட மோசம். காற்று சூடாக இருக்கும்போது இன்ஜின் நாக் ஆகாமல், அதாவது பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டாமல் இருக்க, இசியூ இக்னிஷனைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். குளிர் என்று பொய் சொல்லிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். சூளகிரி தாண்டி ஓசூர் ஏற்றத்தில் மத்தியான வெயிலில் இன்ஜின் 'டிக் டிக்' என்று தட்டினால், பிஸ்டன் அடி வாங்குகிறது என்று அர்த்தம்.

சிகரெட் லைட்டரில் செருகும் மைலேஜ் கருவி, பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம் இவற்றைப் பற்றி எழுத எதுவும் இல்லை. வாங்க வேண்டாம்.

ஆக்சிலரேட்டர் பெடலில் மாட்டும் கன்ட்ரோலர் என்று ஒன்று உண்டு. கேபிள் இல்லாமல் எலக்ட்ரானிக் பெடல் இருக்கும் வண்டிக்கு மட்டும். கால் பங்கு மிதித்தால் பாதி மிதித்ததாக இசியூவுக்குச் சொல்லும். வண்டி துள்ளுவது போலத் தெரியும், இன்ஜினின் சக்தி கடுகளவும் கூடாது. முழுசாக மிதித்தால் போட்டதும் போடாததும் ஒன்றுதான். தெரிந்தே வாங்கினால் தப்பில்லை.

கடைசியாக, மாமா வண்டியில் இருந்த டீசல் பெட்டி. காமன் ரெயில் வண்டியில் டீசல் ரெயில் என்ற ஒரு கெட்டியான குழாயில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் நிற்கும். கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேலே, ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் குழாயின் அழுத்த சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவே இந்தப் பெட்டி உட்காரும். இருப்பதைவிட அழுத்தம் குறைவு என்று இசியூவிடம் சொல்லும். இசியூ பம்பை இன்னும் அழுத்தச் சொல்லும். இன்ஜெக்டர் திறக்கும் அதே நேரத்தில் கூடுதல் டீசல் பாயும். இது உண்மையாகவே இழுவையைக் கூட்டும், மறுக்க மாட்டேன். ஆனால் சேர்த்த டீசலுக்கு ஏற்ற காற்று இருக்கிறதா, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ தாங்குமா, கிளட்ச் பிடிக்குமா என்று மலிவுப் பெட்டிக்குத் தெரியாது. பதினைந்து வருஷம் உழைத்த பம்ப்பும் இன்ஜெக்டரும் கம்பெனி நினைத்ததைவிட அதிக அழுத்தத்தில் ஓட வேண்டியிருக்கும். கரும்புகையும் கிளட்ச் தேய்மானமும் முதலில் வரும். மற்ற செலவு பின்னால் வரும்.

மூன்றாம் படி: இழுவை எங்கே போனது?

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வரிசையாகச் செய்யுங்கள், ஒன்று முடித்துத்தான் அடுத்தது.

பிரேக்கில் இருந்து தொடங்குங்கள். எல்லோரும் பானெட்டைத்தான் திறக்கிறார்கள், ஆனால் இழுவையைத் தின்பது பல நேரம் சக்கரத்தில் இருக்கிறது. பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி வந்து நிறுத்துங்கள். நான்கு சக்கரத்துக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். என் வண்டியில் மூன்று சக்கரம் வெதுவெதுப்பாக இருந்தது, பின் இடது சக்கரம் தோசைக்கல் மாதிரி அனல் வீசியது. ஜாக்கி போட்டுச் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றது. ஹேண்ட் பிரேக் கேபிள் உள்ளே துருப்பிடித்து, விட்ட பிறகும் ஷூவை டிரம்மோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. எத்தனை மாதம் பிரேக்கை இழுத்துக்கொண்டே ஓட்டினேனோ தெரியாது. கேபிளும் கூலியும் சேர்த்து 900 ரூபாய்.

அடுத்து டயர் காற்று. டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பிடியுங்கள்.

பிறகு ஏர் ஃபில்டர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் குவாரி லாரி போகும் ரோட்டில் தினமும் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. தூசி அதிகம் உள்ள இடத்துக்கு பாதியிலேயே பார்க்க வேண்டும். வெயிலில் பிடித்து மடிப்புகளுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். ஏர் அடித்து மறுபடி போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், காகிதம் கிழிந்தால் குவாரித் தூள் நேராக சிலிண்டருக்குப் போகும்.

பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாகத் துணியில் வையுங்கள், எந்த சிலிண்டருடையது என்று மறக்காமல். காபிப்பொடி நிறம் என்றால் நல்லது. கரிபோல் உதிரும் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெள்ளையாக வெளுத்திருந்தால் குறைவாகப் போகிறது. ஒரு பிளக் மட்டும் எண்ணெயில் நனைந்திருந்தால் அந்த சிலிண்டரில் ரிங் அல்லது வால்வ் சீல் பிரச்சினை, எந்த சிப்பாலும் அதற்குத் தீர்வு இல்லை.

இனி வருவதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம் பட்டறைகளில் அடிக்கடி நடக்கிறது. வண்டி ஹீட் ஆகிறது என்று போனால், இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்பார்கள். கார்புரேட்டர் காலத்தில் அது ஓடியிருக்கலாம். இசியூ இருக்கும் வண்டியில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால், நெடுஞ்சாலையில் காற்று வாங்கும்போது இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று இசியூ நினைத்து, காலையில் ஸ்டார்ட் செய்தபோது ஊற்றிய மாதிரியே கூடுதல் பெட்ரோல் ஊற்றும். ரெசிஸ்டர் சிப் சொல்லும் அதே பொய்யை இங்கே பட்டறையே சொல்லி வைத்திருக்கிறது. கையில் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ஈஎல்எம் 327 என்ற ப்ளூடூத் அடாப்டர் இருந்தால் நல்லது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், சிப்புக்கு வைத்திருந்த காசை இதில் போடுங்கள். போனில் ஆப் வழியாகக் கூலன்ட் சூட்டைப் பார்த்தபடி இருபது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலான வண்டிகளில் 80க்கு மேல் ஏறி நிலையாக நிற்க வேண்டும். தருமபுரியில் இருந்து காவேரிப்பட்டணம் வரை ஓட்டியும் அறுபதிலேயே நின்றால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தே கிடக்கிறது.

அதே ஆப்பில் லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம் என்ற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இசியூ வழக்கமான அளவைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பதுதான் அது. பூஜ்யத்துக்கு மேலும் கீழும் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. பிளஸ் பக்கம் ரொம்பப் போனால் எங்கோ காற்று ஒழுகுகிறது அல்லது பெட்ரோல் பம்ப், ஃபில்டர் அடைத்திருக்கிறது. மைனஸ் பக்கம் போனால் இன்ஜெக்டர் ஒழுகலாம், ஏதோ ஒரு சென்சார் தப்பாகச் சொல்லலாம்.

டீசல் என்றால் டர்போவில் இருந்து இன்ஜின் வரை போகும் ரப்பர் குழாய்களை விரலால் தடவிப் பாருங்கள். ஆயில் பிசுபிசுப்பாக ஓர் இடம் இருந்தால் அங்கே கீறல் இருக்கும். புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி, அடைத்த டீசல் ஃபில்டர் இரண்டும் அடுத்த சந்தேகம்.

கிளட்சுக்கு எளிய சோதனை உண்டு. நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இதற்கு மேல் பவர் சேர்ப்பது தேய்ந்த கயிற்றில் இன்னும் கனமான வாளியைக் கட்டுவது போல.

இத்தனையும் சரியாக இருந்தும் இழுவை இல்லை என்றால், நல்ல பட்டறையில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மைலேஜ் குறைந்ததால் சிப் தேடுகிறீர்களா?

அப்படி என்றால் பெட்ரோலையும் யோசியுங்கள். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நிதி ஆயோக் 2021ல் வெளியிட்ட திட்ட அறிக்கையிலேயே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்த கார்களில் இந்தக் கலவையால் ஆறிலிருந்து ஏழு சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று சொல்லியிருக்கிறார்கள். லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி 16 கொடுத்தால் வண்டியில் கோளாறு இருக்க வேண்டியதில்லை. பெட்ரோலில் இல்லாத சக்தியை எந்த சிப்பும் கொண்டுவராது. பழைய வண்டியில் பெட்ரோல் ரப்பர் குழாய்கள் உப்பி, வெடித்து இருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள், அது பாதுகாப்பு விஷயம்.

ஊரின் உயரமும் ஒரு காரணம். நூறு மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். ஓசூர் தருமபுரியைவிட நானூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் கார் அங்கே நான்கு சதவீதம் சோர்வது இயல்பு. அதே போல் பத்து டிகிரி வெயில் ஏறினால் மூன்று சதவீதம் போகும். சித்திரையில் சிப் வாங்கி மார்கழியில் வண்டி நன்றாக இழுக்கிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அது மார்கழி செய்த வேலை.

நான்காம் படி: வாங்கியே விட்டால் சோதிப்பது எப்படி?

காசு கொடுத்து வாங்கியபின் நம் காலும் காதும் நமக்கே சாதகமாகப் பேசும். எனக்கும் முதல் நாள் வண்டி லேசாகத்தான் இருந்தது. அதோடு, சிப் போடும் முன் பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொல்வார்கள், 200 கிலோமீட்டர் ஓட்டினால் சிப் கற்றுக்கொள்ளும் என்பார்கள். பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் இசியூ அதுவரை கற்று வைத்திருந்த திருத்தங்கள் அழிந்துவிடும். அதனாலேயே சில நாள் வண்டி வேறு மாதிரி ஓடும். அதை சிப் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

சரி, மைலேஜுக்கு வருவோம். நான் தருமபுரி டு ஓசூர் போய் வரும் பாதையை எடுத்துக்கொண்டேன், ஏறத்தாழ 190 கிலோமீட்டர். ஒரே பங்க், ஒரே நாசில், வண்டி நிற்கும் பக்கமும் அதே. ஆட்டோ கட் ஆனதும் நிறுத்த வேண்டும், குலுக்கி ஊற்றச் சொல்லக்கூடாது. இதற்கே காரணம் உண்டு. அந்த தூரத்துக்கு 12 லிட்டர் ஆகும். ஊற்றுவதில் அரை லிட்டர் முன்பின் ஆனாலே நான்கு சதவீதம் தப்பு வந்துவிடும். ஐந்து சதவீத லாபம் என்று சொல்லும் சிப்பை ஒரே ஒரு தடவை அளந்து நம்பக் கூடாது. சிப்போடு மூன்று முறை, சிப் இல்லாமல் மூன்று முறை போங்கள். வேகம் ஒன்றாக இருக்கட்டும், ஏசி போட்டால் எல்லாத் தடவையும் போடுங்கள். எனக்கு சிப்போடு 15.9, 16.3, 16.0 வந்தது. இல்லாமல் 16.2, 15.8, 16.2.

இழுவையை உணர்ந்து சொல்வதற்கு வேறு முறை. ஊருக்கு வெளியே நேரான, வீடு இல்லாத சாலையைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டுபவர் வண்டியை விட்டு இறங்கி நிற்க, கூட வருபவர் நாணயம் சுண்டி, தலை விழுந்தால் சிப்பைச் செருகட்டும், பூ விழுந்தால் எடுக்கட்டும். சாக்கெட்டின் மேல் ஒரு துணியைத் தொங்கவிட்டு லைட் தெரியாமல் மறையுங்கள். மூன்றாவது கியரில் 40ல் இருந்து 70 வரை போகும் நேரத்தைக் கூட வருபவர் போனில் எடுக்கட்டும். ஓட்டுபவர் சிப் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். பத்து தடவை செய்யுங்கள். ஒன்பது, பத்து சரி என்றால் ஏதோ இருக்கிறது. ஐந்தாறு சரி என்றால் அது நாணயம் சுண்டியே வந்த விடை. என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து எழுத, நான் பத்துக்கு நான்கு சரியாகச் சொன்னேன்.

பிரேக் கேபிள், மூன்று பிளக், ஏர் ஃபில்டர் மாற்றிய பிறகு அதே பாதையில் சராசரி 17.1 வந்தது.

ஐந்தாம் படி: உண்மையான ரீமேப் யாருக்கு?

டர்போ டீசல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இதை யோசிக்கச் சொல்வேன். ஸ்விஃப்ட், ரிட்ஸ், டிசையர், இண்டிகா விஸ்டா போன்றவற்றில் வந்த ஃபியட் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினுக்கு இசியூ கோப்பையே திருத்தி எழுதும் ஆட்கள் பெங்களூரு, கோவை, சென்னையில் இருக்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் ஆகும். அங்கே டீசல், டர்போ அழுத்தம், வரம்புகள் எல்லாம் சேர்த்தே மாற்றப்படும், அதுதான் பெட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். டர்போ இல்லாத பழைய பெட்ரோல் வண்டியில் ரீமேப் கொடுக்கும் லாபம் மிகச் சின்னது, அதற்கு அந்தச் செலவு தகாது.

போகும் முன் மூன்றாம் படி முழுவதும் முடிந்திருக்க வேண்டும். கிளட்ச், டர்போ, இன்ஜெக்டர் லீக்-ஆஃப் சோதனை (இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வழியும் டீசலை அளப்பது) மூன்றும் தேற வேண்டும். வண்டியின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றி, போடும் முன்பும் பின்பும் எடுத்த கிராஃப்பைக் கேளுங்கள். உங்கள் வண்டியின் அசல் கோப்பை ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிராஃப் தர மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஆறாம் படி: சட்டமும் புகையும்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களில் இருந்து ஆர்சி புத்தகம் மாறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. புகை அளவை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பிஎஸ் 4க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தி வரம்பு 65, பிஎஸ் 4க்கு 50. ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துத்தான் சோதிப்பார்கள், டீசல் பெட்டி கரும்புகை கக்குவதும் சரியாக அப்போதுதான். 2010ல் பதிவான கார் 2025ல் 15 வயதைத் தாண்டிவிட்டது. ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீசுக்கு வண்டியைக் கொண்டுபோகும்போது பானெட்டுக்குள் தொங்கும் பெட்டி கேள்வியைக் கிளப்பும். இன்ஜினில் எதை மாற்றினாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்தில் கிளெய்ம் கேட்கும்போது அதைக் காரணம் காட்டுவார்கள்.

ஏற்கெனவே போட்டிருந்தால் கழற்றும் முறை

ஓபிடி பிளக் என்றால் சாவி ஆஃபில் பிடுங்கினால் போதும். ரெசிஸ்டர் என்றால் அசல் சென்சாரை மாட்டி, கனெக்டர் 'க்ளிக்' என்று பூட்டுவதை உறுதி செய்யுங்கள். டீசல் பெட்டியைக் கழற்றும்போது இன்ஜின் ஆஃபாகி, கொஞ்ச நேரம் ஆறியிருக்க வேண்டும். கனெக்டரை மட்டும் தொடுங்கள், டீசல் குழாயின் நட்டுகளைத் தளர்த்தவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

மாமா வண்டியில் அப்படிக் கழற்றியபோது, ரெயில் சென்சார் கனெக்டரின் ஒரு பின் அகன்று ஆடிக்கொண்டிருந்தது. மலிவு கனெக்டரைத் திணித்ததில் வந்த வினை. மெல்லிய ஊசியால் பின்னைச் சேர்த்து இறுக்கி மறுபடி மாட்டினேன். அதன் பிறகு தெரிந்த பட்டறைக்குப் போனோம். டர்போ குழாயில் விரல் நீளக் கீறல் இருந்தது. முதன் முதலில் இழுவை குறைந்ததற்குக் காரணம் அதுதான். காற்று வெளியே போய்க்கொண்டிருக்க, பெட்டி மேலும் மேலும் டீசலை ஊற்றியிருக்கிறது. எட்டு மாதம் அப்படி ஓட்டியதில் கிளட்ச் பிளேட் எரிந்து வழுக்க ஆரம்பித்துவிட்டது. குழாய்க்கு 1,400 ரூபாய், கிளட்ச் செட்டுக்குக் கூலியோடு 11,000. ஸ்கேனரில் பழைய கோளாறுக் குறியீடுகளை அழித்து, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, மறுபடி ஸ்கேன் செய்தோம், எதுவும் திரும்ப வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் மாமா நேராகப் புகைச் சான்று எடுக்கப் போனார்.